கடை போன் யாருடைய போன்?

காரிமங்கலம் மாதிரி ஊரில் சிறு தொழில் நடத்துகிறவர் குறைந்த செலவில் எந்தப் போன் வசதியை வைத்துக்கொள்வது? மெஷின் வாங்கும் முன் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது.

முப்பது நாற்பது வருஷத்துக்கு முந்தைய விசிட்டிங் கார்டு ஒன்று எங்காவது மேசை டிராயரில் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். மேலே பிள்ளையார், நடுவில் கடையின் பெயர், கீழே சின்னதாக ஒரு போன் எண், அதன் பக்கத்தில் ‘பி.பி.’ என்று இரண்டு எழுத்து. அந்தப் போன் கடைக்காரருடையது இல்லை. பக்கத்து மருந்துக் கடையிலோ எதிர்வீட்டு வாத்தியார் வீட்டிலோ இருப்பது. மணி அடித்தால் ஒரு பையன் ஓடிவந்து கூப்பிடுவான். ரிசீவர் மேசைமேல் கிடக்கும், எதிர்முனையில் டிரங்க் காலுக்குக் காசு ஏறிக்கொண்டிருக்கும். சொந்தப் போனுக்கு மனுப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது.

இன்றைக்குக் கடைவீதியில் போன் இல்லாத ஆள் இல்லை. கடைக்கென்று போன் இருக்கிறதா என்று கேளுங்கள், பதில் இழுக்கும். போர்டில் எழுதியிருப்பது முதலாளி மகனின் எண். பில் புத்தகத்தில் அச்சாகியிருப்பது வேலையை விட்டுப் போய்விட்ட கணக்குப்பிள்ளையின் எண். கூகுள் மேப்பில் மூன்றாவதாக ஒன்று. மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனால் கடையின் எண்ணும் அவனோடு பஸ் ஏறிவிடுகிறது. பி.பி. காலம் முடிந்துவிட்டது என்று யார் சொன்னது?

சிறு தொழிலுக்கு என்ன போன் வசதி வைக்கலாம் என்று விசாரிப்பவர்கள் பெரும்பாலும் மெஷினில் ஆரம்பிக்கிறார்கள். எத்தனை லைன், எத்தனை இன்டர்காம், எந்தக் கம்பெனி, என்ன விலை. நான் எண்ணில் ஆரம்பிக்கச் சொல்வேன். மெஷினை மாற்றிக்கொள்ளலாம். பத்து வருஷம் வாடிக்கையாளர் மனதிலும் செல்போனிலும் பதிந்துவிட்ட எண்ணை மாற்றுவது அத்தனை லேசில்லை.

சாலையில் இருந்து வரும் அழைப்பு

காரிமங்கலம் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டிய பேரூராட்சி. குன்றின்மேல் அருணேஸ்வரர் கோயில், ஊருக்குள் தாலுகா அலுவலகம், பெண்களுக்கான அரசு கலைக் கல்லூரி, செவ்வாய்க்கிழமை கூடும் வாரச்சந்தை. சுற்றிலும் மாந்தோப்பும் தென்னையும். பக்கத்துப் பாலக்கோட்டில் தக்காளி. இந்த ஊர் வியாபாரத்தில் பாதி, கடை வாசலுக்கு வராத ஆட்களோடு நடக்கிற வியாபாரம். பெங்களூர் கமிஷன் மண்டியில் இருந்து விலை கேட்பார்கள். ஓசூரில் நிற்கும் லாரி டிரைவர் லோடு கேட்பார். தோப்புக்காரர் ‘அண்ணா, காய் இறக்கட்டுமா, ரெண்டு நாள் விடட்டுமா’ என்று கேட்பார். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து ஓடும் பேச்சு.

இப்படிப்பட்ட அழைப்பு ஒன்றை எடுக்கத் தவறினால் அவர் அடுத்த மண்டிக்கு அடிப்பார். அங்கே எடுத்துவிட்டால் உங்களுக்குத் திரும்ப அடிக்க மாட்டார். நீங்கள் எதை இழந்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது. சிறு தொழிலில் போன் விஷயம் கவனத்துக்கு வராமலே போவதற்குக் காரணம் இதுதான். திருட்டுப் போனால் தெரிகிறது, அழுகிப் போனால் தெரிகிறது, வராமல் போன ஆர்டர் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இந்த இழப்பைக் கண்டுபிடித்துக் கொதித்த ஒரு சிறு வியாபாரியால்தான் தானியங்கி எக்ஸ்சேஞ்சே பிறந்தது என்று ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் அல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் சவ அடக்கத் தொழில் செய்துவந்தார். அந்த ஊர் எக்ஸ்சேஞ்சில் லைன் மாற்றிக் கொடுத்த பெண், போட்டிக் கடைக்காரரின் மனைவி. இவருக்கு வரும் அழைப்புகளை அவர் தன் கணவர் கடைக்குத் திருப்பிவிட்டதாக ஸ்ட்ரோஜர் நம்பினார். நடுவில் ஆளே வேண்டாம் என்று ஒரு கருவியை வடிவமைத்து, 1891-இல் காப்புரிமை வாங்கினார். அடுத்த ஆண்டே இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் ஊரில் அந்த முறை நடைமுறைக்கு வந்தது. போட்டிக்காரர் மனைவி கதை எவ்வளவு தூரம் நிஜமோ, காப்புரிமை நிஜம்.

ஒரு வாரக் கணக்கு

ஸ்ட்ரோஜர் மாதிரி கோபப்பட வேண்டியதில்லை, ஒரு வாரம் குறித்துவைத்தால் போதும். காலை எட்டிலிருந்து ஒன்பது, ஒன்பதிலிருந்து பத்து என்று கட்டம் போட்டு, எத்தனை அழைப்பு வந்தது, எத்தனை தவறியது என்று எழுதுங்கள். செல்போனிலேயே தவறிய அழைப்பு சிவப்பில் நிற்கிறது. செவ்வாய்க்கிழமையைத் தனியாகப் பாருங்கள். மாம்பழ சீசனில் எடுத்த கணக்கும் ஐப்பசியில் எடுத்த கணக்கும் ஒன்றாக இருக்காது.

கிடைக்கும் எண்ணிக்கையை வைத்து எத்தனை லைன் வேண்டும் என்று சொல்ல நூறு வருஷத்துக்கு முன்பே சூத்திரம் போட்டுவிட்டார்கள். கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலைபார்த்த ஏ.கே. எர்லாங் என்ற கணித வல்லுநர் 1917-இல் வெளியிட்டது. ஒரு மண்டியை வைத்துக்கொள்வோம். சீசனில் விடியற்காலை ஒரு மணி நேரத்துக்குள் இருபது அழைப்பு, ஒவ்வொன்றும் மூன்று நிமிஷம். மொத்தம் அறுபது நிமிஷப் பேச்சு. அறுபது நிமிஷத்துக்கு ஒரு போன் சரியாகப் போதும் என்று தோன்றும். எர்லாங் கணக்கில் அது போதாது. அழைப்புகள் வரிசையில் நின்று வருவதில்லை, மூன்று பேர் ஒரே நேரத்தில் அடிப்பார்கள், அப்புறம் பத்து நிமிஷம் சத்தமே இருக்காது. ஆகவே ஒரு போன் இருந்தால் பாதிப் பேருக்கு ‘பிஸி’. இரண்டு இருந்தால் ஐந்தில் ஒருவருக்கு. மூன்று இருந்தால் நூற்றுக்கு ஆறு பேருக்கு. நான்கு இருந்தால் நூற்றுக்கு ஒன்றரை.

இந்த நான்கு வரியைப் பார்த்தால் செலவுக் கணக்கு தானாக விளங்கும். ஒன்றிலிருந்து இரண்டாவது போனுக்குப் போவதில்தான் பெரிய லாபம். மூன்றாவது நியாயம். நான்காவதை விற்க வருகிறவர் சொல்வதைக் கொஞ்சம் யோசித்துக் கேட்க வேண்டும். இதில் ஒரு நிபந்தனை: இரண்டு போனும் ஒரே எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும். கார்டில் நான்கு எண் அச்சடிப்பது இதற்கு ஈடாகாது. எல்லாரும் முதல் எண்ணுக்குத்தான் அடிப்பார்கள்.

காசே ஆகாத வரிசை

இரண்டு சாதாரண செல்போன்களை ஒரே எண்ணின் பின்னால் வரிசையாக நிறுத்த எந்தப் பெட்டியும் வேண்டாம். முதல் போனின் அமைப்பில் ‘கால் ஃபார்வர்டிங்’ போய், ‘பிஸியாக இருந்தால்’, ‘எடுக்காவிட்டால்’ என்ற இரண்டுக்கும் இரண்டாவது எண்ணைக் கொடுத்துவிடலாம். கூடவே ‘கால் வெயிட்டிங்’ வசதியை அணைத்துவிட வேண்டும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வெயிட்டிங் இருக்கும் வரை, பேசிக்கொண்டிருக்கும்போது வரும் அழைப்பு அந்தப் போனிலேயே டிக் டிக் என்று தட்டிக்கொண்டிருக்கும், உடனே அடுத்த போனுக்குத் தாவாது. தாவும் அழைப்புக்கு உங்கள் கணக்கில்தான் கட்டணம். வரம்பில்லாத் திட்டத்தில் இது சேருமா என்று கம்பெனியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. முன்பின் தெரியாத யாராவது போன் செய்து, *401# என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள். உங்கள் அழைப்புகளை அவன் தன் போனுக்குத் திருப்பி, வங்கி ஓடிபியைக் காதில் வாங்கிக்கொள்ளும் வித்தை அது. இதைப் பற்றி 2024 ஜனவரியிலேயே தொலைத்தொடர்புத் துறை எச்சரித்தது.

சிம் யார் பெயரில் இருக்கிறது என்பது அடுத்தது. முதலாளி பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ இருக்க வேண்டும். வேலையாள் பெயரில் வாங்கிய சிம், சட்டப்படி வேலையாளுடையது. அவர் கோபித்துக்கொண்டு போனால் எண்ணும் போகும், நீங்கள் வாதாட முடியாது. உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் ஒருவருக்கு ஒன்பது வரைதான். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் நிறுவனப் பெயரில் இணைப்பு எடுத்தால், பில்லில் வரும் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம் என்ற சின்ன லாபமும் உண்டு.

மாம்பழ மண்டிக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. சீசன் முடிந்ததும் சீசன் போனைப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். தொண்ணூறு நாள் பேச்சோ குறுஞ்செய்தியோ எதுவுமில்லாத ப்ரீபெய்ட் எண்ணைக் கம்பெனி துண்டிக்கலாம், பிறகு வேறொருவருக்குக் கொடுத்தும் விடலாம். அடுத்த சித்திரையில் உங்கள் பெங்களூர் வியாபாரி அடிக்கும்போது யாரோ ஒரு கல்லூரிப் பையன் ‘ராங் நம்பர்’ என்பான். டேட்டா இல்லாமல் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் தரும் திட்டங்களை வைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் கட்டாயப்படுத்தியது இங்கே உதவும். 2025 ஜனவரியில் அவை வந்தபோது ஓராண்டுத் திட்டங்களின் விலை இரண்டாயிரம் ரூபாய்க்குள் இருந்தது. சாதாரணப் பட்டன் போன், ஆண்டுக்கு ஒரு ரீசார்ஜ். கடை எண் உயிரோடு இருக்க அது போதும்.

சிக்னல் பிரச்சினை என்றால் கம்பெனியை மாற்றலாம், எண்ணை மாற்ற வேண்டாம். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க அந்த உரிமை இருக்கிறது. தகரக் கூரை போட்ட குடோனுக்குள் மட்டும் சிக்னல் இல்லையென்றால், போனில் வைஃபை காலிங் போட்டுப் பாருங்கள்.

04348 லேண்ட்லைனுக்கு இன்னும் மதிப்பு உண்டா?

உண்டு, ஆனால் பழைய காரணத்துக்காக இல்லை. செம்புக் கம்பியில் வந்த பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சில் இருந்தே 48 வோல்ட் மின்சாரம் வந்தது. ஊரே இருண்டாலும் போன் பேசும். இப்போது அதே எண் கண்ணாடி இழையில் வருகிறது. வீட்டுக்குள் இருக்கும் மோடத்துக்குக் கரண்ட் வேண்டும், கரண்ட் போனால் போனும் போகும். ரவுட்டருக்கென்று விற்கும் கையடக்க யுபிஎஸ் ஒன்றை வைத்தால் இது தீர்ந்துவிடும். இணைப்பு கொடுக்க வருகிறவர் இதைச் சொல்வது அபூர்வம்.

ஃபைபர் வாங்கினால் இணையத்தோடு போன் இணைப்பும் சேர்ந்தே கிடைக்கிறது. பில்லிங் கம்ப்யூட்டர், கேமரா, க்யூஆர் பெட்டி எல்லாவற்றுக்கும் எப்படியும் இணையம் வேண்டியிருக்கும் கடைக்கு, போன் அநேகமாக இலவச இணைப்பு. பிஎஸ்என்எல், ஜியோ, ஏர்டெல் என்று யாருடையது உங்கள் தெருவில் ஓடுகிறதோ, யாருடைய லைன்மேன் கூப்பிட்டால் அன்றைக்கே வருகிறாரோ, அதை எடுங்கள். விளம்பரத்தில் சொல்லும் வேகத்தைவிட லைன்மேனின் வேகம் முக்கியம்.

லேண்ட்லைன் எண் சுவரோடு இருக்கும். மகனோடு பஸ் ஏறாது. இந்த ஒரு குணத்துக்காகவே கடை போர்டில் போட நான் அதைச் சிபாரிசு செய்வேன். இன்னொரு வசதி பலருக்குத் தெரிவதில்லை: 2018 ஜனவரியில் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை லேண்ட்லைன் எண்ணிலும் தொடங்கலாம். குறுஞ்செய்திக்குப் பதில் அழைப்பு மூலம் சரிபார்ப்பு எண்ணைச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் விலைப் பட்டியல், ஜிபிஎஸ் இடம், ‘கடை மூடியிருக்கிறது’ என்ற தானியங்கிப் பதில் எல்லாம் கடை எண்ணிலேயே போகும். போட்டோ அனுப்பித்தான் தேங்காய் தரம் பேசுகிறார்கள் என்ற காலத்தில் இது சின்ன விஷயமில்லை. லேண்ட்லைனுக்குக் குறை என்று பார்த்தால், செல்போன் எண் மாதிரி அதைக் கம்பெனி விட்டுக் கம்பெனி கொண்டுபோக முடியாது.

இன்டர்காம் பெட்டி யாருக்கு?

இன்டர்காமை நடத்தும் பிபிஎக்ஸ் பெட்டிகள் இந்தியாவில் மலிவானதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1984 ஆகஸ்டில் மத்திய அரசு சி-டாட் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியது, சாம் பிட்ரோடா அதன் முகம். வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகள் குளிர்சாதன அறை கேட்டன. நம் கிராமத்தில் தூசியும் வெயிலும்தான் உண்டு. இளம் பொறியாளர்கள் சேர்ந்து ஏசி இல்லாமல் ஓடும் 128 முனைக் கிராம எக்ஸ்சேஞ்சைச் செய்தார்கள். 1986-இல் முதலாவது கர்நாடகத்தின் கித்தூரில் வேலைசெய்யத் தொடங்கியது. அதே அடித்தளத்தில் அலுவலகங்களுக்கான பிபிஎக்ஸும் வந்தது. வடிவமைப்பைப் பல கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்துச் செய்யவைத்தார்கள். மஞ்சள் போர்டு எஸ்டிடி பூத் தெருத்தெருவாக முளைத்ததும் அந்தக் காலத்தின் தொடர்ச்சிதான்.

இன்றைக்கு மூன்று வெளி லைன், எட்டு உள் போன் என்ற அளவில் ஒரு பெட்டி யாருக்குத் தேவை? கட்டடத்துக்குள்ளேயே ஒருவரோடு ஒருவர் நாளெல்லாம் பேச வேண்டியவர்களுக்கு. லாட்ஜ், நர்சிங் ஹோம், பள்ளி, கல்யாண மண்டபம், மாங்கூழ் ஆலை. ரிசப்ஷனில் இருந்து வார்டுக்கு, கேட்டில் இருந்து எடை மேடைக்கு. அவர்களுக்கு ரீசார்ஜ் இல்லாத உள்பேச்சு பெரிய உபகாரம். ஒரே ஹாலில் நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் மண்டிக்கு அது அலங்காரம். ‘முருகா, உனக்குப் போன்’ என்று குரல் கொடுத்தால் கேட்கும் தூரத்துக்கு ஒயர் இழுப்பானேன்?

வாங்குகிறவர்கள் செகண்ட்ஹேண்ட் பெட்டியில் ஏமாறுவது அதிகம். பெட்டி ஓடும், புரோகிராம் செய்யத் தெரிந்த ஆள் கிடைக்க மாட்டார். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனில் இருந்து செல்போனுக்குப் பேச முன்னால் ஒரு பூஜ்யம் சேர்க்க வேண்டும். பல பெட்டிகளில் வெளி லைன் எடுக்கவே பூஜ்யம்தான். இரண்டு பூஜ்யம் அடிக்கத் தெரியாத ஊழியர் ‘போன் ரிப்பேர்’ என்று ரிசீவரை வைத்துவிடுவார். இடி மின்னலில் வெளி ஒயர் வழியாகப் பெட்டி எரிவதும் உண்டு. எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் பொருத்தவிடாதீர்கள்.

கிளவுட் என்கிற வாடகை வீடு

பெட்டியே இல்லாமல் இணையத்தில் ஓடும் எக்ஸ்சேஞ்சை மாத வாடகைக்குத் தருகிற கம்பெனிகள் வந்து பல வருஷம் ஆகிறது. பெங்களூரின் எக்ஸோடெல் 2011-இல் தொடங்கியது. ஒரே எண், அது நாலைந்து செல்போனில் மாறி மாறி அடிக்கும், எல்லாம் பதிவாகும், யார் எத்தனை எடுத்தார் என்று அறிக்கை வரும். கூரியர் ஏஜென்சி, கோச்சிங் சென்டர், ஊர் ஊராக சர்வீஸ் ஆட்களை அனுப்பும் போர்வெல் மோட்டார்க் கடை ஆகியவற்றுக்கு இது உண்மையிலேயே பயன்படும். ஆட்கள் ஒரே கூரையின் கீழ் இல்லாத தொழில் என்பதுதான் இங்கே அளவுகோல்.

விலை கேட்கும்போது மாத வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். பயனர் ஒருவருக்கு இவ்வளவு, நிமிஷத்துக்கு இவ்வளவு, உள்ளே வரும் அழைப்புக்கும் இவ்வளவு என்று அடுக்கு இருக்கும். செல்போனில் இலவசமாக வாங்கிக்கொண்டிருந்த அழைப்புக்கு இங்கே நிமிஷக் காசு உண்டு. அதைவிட முக்கியமான கேள்வி: சேவையை நிறுத்தினால் எண் என் கூட வருமா? பல இடங்களில் அந்த எண் கம்பெனி கையில் இருக்கும் எண். வீட்டைக் காலி செய்யும்போது கதவு எண்ணைக் கழற்றி எடுத்துக்கொண்டு போக முடியாதே. எழுத்தில் பதில் வாங்குங்கள். இல்லையேல் உங்கள் சொந்த எண்ணையே போர்டில் வைத்து, அதிலிருந்து அழைப்பை அந்தச் சேவைக்குத் திருப்பிவிடுங்கள்.

‘தமிழுக்கு ஒன்றை அழுத்தவும், விற்பனைக்கு இரண்டை அழுத்தவும்’ என்று நான்கு பேர் கடையில் வைப்பதை மட்டும் தயவுசெய்து வேண்டாம் என்பேன். தோப்பில் நின்று பேசுகிற விவசாயி எதையும் அழுத்த மாட்டார், கட் செய்வார்.

எண்ணைப் பறிகொடுக்கும் வழிகள்

தீபாவளிக்கு ‘ஆஃபர்’ சொல்லி ஐந்நூறு பேருக்குக் கடை எண்ணிலிருந்தே அடிக்கலாம் என்று தோன்றும். 2025 பிப்ரவரியில் டிராய் விதியை இறுக்கியது. பதிவில்லாத ஓர் எண்ணின் மீது பத்து நாளில் ஐந்து புகார் வந்தாலே நடவடிக்கை. முதல் தடவை பதினைந்து நாள் வெளி அழைப்பு நிற்கும், மீண்டும் செய்தால் உங்கள் பெயரில் உள்ள இணைப்புகள் எல்லாம் ஓராண்டு துண்டிப்பு. விளம்பர அழைப்புக்கு 140 வரிசை என்று தனியே வைத்திருக்கிறார்கள். தெரிந்த வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுவதோடு நிறுத்திக்கொள்வது கடைக்கு நல்லது.

இன்னொன்று மாடியில் ரூம் வைத்திருப்பவர்களுக்கு. ‘ஒரு மெஷின் வைக்கணும், கரண்டும் நெட்டும் கொடுங்க, மாதம் இவ்வளவு தர்றோம்’ என்று யாராவது வந்தால், அது சிம் பாக்ஸாக இருக்கலாம். வெளிநாட்டு அழைப்பைத் திருட்டு வழியில் உள்ளூர் எண்ணாக மாற்றும் பெட்டி. அனுமதியில்லாத் தொலைத்தொடர்பு சேவைக்கு 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் மூன்றாண்டு வரை சிறையும் இரண்டு கோடி ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. நம்முடைய சொந்த சிம்மைப் போட்டு, மேசை போன் மாதிரி பயன்படுத்தும் செல்லுலர் டெர்மினலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதைத் தாராளமாக வைக்கலாம்.

ஆக, மண்டிக்குக் கணக்குப் போட்டால்: ஃபைபரோடு வரும் ஒரு லேண்ட்லைன், கடை பெயரில் இரண்டு சிம், இரண்டு பட்டன் போன், ஒரு ரவுட்டர் யுபிஎஸ். இவ்வளவுக்கும் சேர்த்து ஆகும் செலவைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது, அதை யாரும் போன் கணக்கில் எழுதுவதில்லை. சீசன் மூன்று மாதமும் காலை ஐந்தரை மணிக்கு வந்து உட்கார்ந்து, மூன்று மொழியிலும் பேசி, யார், எத்தனை டன், எந்த ரகம், திரும்ப எப்போது கூப்பிட வேண்டும் என்று நோட்டில் எழுதும் ஓர் ஆளின் சம்பளம். அந்த ஆள் இல்லாத கடையில் நான்கு லைன் போட்டாலும் நான்கும் சேர்ந்து அடிக்கும். மெஷின் விற்க வருகிறவரிடம் கொட்டேஷன் வாங்கும் முன், அந்த ஆள் யார் என்று முடிவு செய்துவிட்டு, அவருக்கு டீ வாங்கிவர வேறொருவரை வைத்துக்கொள்ளுங்கள்.